நிமோனியா வந்த குழந்தைக்கு ஆன்டிபயாடிக் சிரப்: வீட்டுக்கு வந்ததும் என்னென்ன பார்க்க வேண்டும்

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மார்கழிப் பனி முடியும் வரை எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் குழந்தைகளுக்கான டிரை சிரப், அதாவது தண்ணீர் ஊற்றிக் கலக்கும் பவுடர் மருந்து, வேகமாக ஓடும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கவுன்டருக்கு உள்ளே நின்று மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. டாக்டர் சரியாகத்தான் எழுதுகிறார், கடையிலும் அதே மருந்துதான் கொடுக்கிறார்கள், ஆனாலும் குழந்தையின் வயிற்றுக்குள் போய்ச் சேர்வது சில வீடுகளில் பாதி டோஸ், சில வீடுகளில் இரண்டு மடங்கு, ஏனென்றால் நடுவில் இருக்கிற சின்ன வேலைகளைப் புதிதாகப் பெற்றோர் ஆனவர்களுக்கு உட்கார வைத்துச் சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அந்த வேலைகளைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

இது இரண்டு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்கானது, அதிலும் டாக்டர் பார்த்து நிமோனியா என்று சொல்லி, வீட்டிலேயே வாய்வழி மருந்து கொடுத்தால் போதும் என்று அனுப்பிய குழந்தைகளுக்கு. இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் போகாமல் நீங்களே டோஸ் போட வேண்டாம். அவர் எழுதியதைப் புரிந்துகொள்ளவும், சந்தேகம் வந்தால் தைரியமாகக் கேட்கவும், வீட்டில் தப்பு நடக்காமல் கொடுக்கவும் இது உதவும். இரண்டு மாதம் நிரம்பாத பச்சைக்குழந்தை என்றால் மேலே படிக்கவே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்

மருந்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று வீட்டில் உங்களுக்குக் காட்டப்போவது குழந்தையின் மூச்சுதான். காய்ச்சல் எவ்வளவு, சளி என்ன நிறம், நெஞ்சில் கை வைத்தால் கர்ரென்று இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறோம், ஆனால் மூச்சை எண்ணுகிறவர்கள் குறைவு.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது மடியில் படுக்க வைத்துச் சட்டையைத் தூக்கிவிடுங்கள், தூங்கும்போது எண்ணினால் இன்னும் நல்லது. இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்தால் வேலை சுலபம், வயிறு ஏறி இறங்கும்போது கயிறும் கூடவே ஏறி இறங்கும், அதைப் பார்த்து எண்ணலாம். செல்போனில் ஒரு நிமிடம் டைமர் வைத்து முழு அறுபது விநாடியும் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கக் கூடாது, சின்னக் குழந்தைகள் ஒரே சீராக மூச்சு விடமாட்டார்கள். 2 மாதம் முதல் 12 மாதம் முடியாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், 1 வயது முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு இதுதான், ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் பார்ப்பதும் இதைத்தான். காய்ச்சல் கொதிக்கும்போது மூச்சு கொஞ்சம் கூடும், அதனால் காய்ச்சல் இறங்கியதும் இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள்.

அடுத்து நெஞ்சு. மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி, அதாவது விலா முடிகிற இடம், வெளியே வருவதற்குப் பதில் உள்ளே குழிகிறதா என்று பாருங்கள். குழிந்தால் டாக்டர் உடனே பார்க்க வேண்டும். ஏற்கெனவே பார்த்து வீட்டு மருந்து போதும் என்று சொல்லியிருந்தால் குழிவது கூடுகிறதா என்று கண் வைத்திருங்கள்.

குழந்தை பாலோ தண்ணீரோ குடிக்க முடியாமல் இருந்தாலும், கொடுத்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலும், உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தாலும், அழாமல் இருக்கும்போதே மூச்சில் கரகரவென்று சத்தம் வந்தாலும், ஆக்ஸிமீட்டரில் ஆக்ஸிஜன் 90-க்குக் கீழே காட்டினாலும் சிரப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் பக்கம் என்றால் அண்ணாமலை நகரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை அல்லது கோரிமேட்டில் ஜிப்மர், எது பக்கமோ அங்கே போய்ச் சேருங்கள். அந்த நிலையில் குழந்தைக்கு ஆக்ஸிஜன் தேவைப்படலாம், ஊசி வழியாக மருந்து போக வேண்டும், வாயில் கொடுக்கும் மருந்து போதாது.

எடை தெரியாமல் டோஸ் இல்லை

பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை என்றால் ஒரு மாத்திரை. குழந்தைக்கு அப்படி இல்லை, எல்லாமே கிலோ கணக்கு. ஒன்றரை வயதில் எட்டு கிலோ உள்ள குழந்தையும் உண்டு, பன்னிரண்டு கிலோ உள்ள குழந்தையும் உண்டு, இரண்டுக்கும் ஒரே அளவு மருந்து கொடுத்தால் ஒன்றுக்குக் கூடும், இல்லாவிட்டால் இன்னொன்றுக்குக் குறையும்.

அதனால் டாக்டரிடம் போகும்போது இன்றைய எடை தெரிந்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் தடுப்பூசி அட்டையில் எழுதியது பழைய எடை. கிளினிக்கில் எடை மெஷின் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கும், கூட்டம் அதிகமான நாளில் சில சமயம் வயதை மட்டும் கேட்டுவிட்டு எழுதிவிடுவார்கள். அப்படி நடந்தால், "எடை போட்டுப் பார்த்துடலாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் அங்கன்வாடி இருந்தால் அங்கேயும் போட்டுத் தருவார்கள். பெரியவர்கள் ஏறி நிற்கும் மெஷினில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை நின்று கழித்துப் பார்ப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும், அதில் அரைக் கிலோ அங்கே இங்கே போகும், ஐந்து கிலோ குழந்தைக்கு அரைக் கிலோ என்பது பத்தில் ஒரு பங்கு. சட்டை, டயப்பர், காலில் கொலுசு எல்லாம் கழற்றிவிட்டு எடை போடுங்கள்.

மில்லிகிராம் வேறு, மில்லி வேறு

எனக்கு மட்டும் ஒரே ஒரு விஷயம் சொல்லத்தான் நேரம் கிடைக்கும் என்றால் இதைத்தான் சொல்வேன். மருந்தின் அளவு மில்லிகிராம். பாட்டிலிலிருந்து நீங்கள் ஊற்றுவது மில்லி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த பாட்டிலின் வீரியம், அது பாட்டிலுக்கு பாட்டில் மாறும்.

வீட்டில் வைத்துப் பார்க்கும் நிமோனியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் முதலில் சொல்லும் மருந்து அமாக்ஸிசிலின். அளவு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லிகிராம், அதை இரண்டாகப் பிரித்து 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. எட்டு கிலோ குழந்தையை எடுத்துக்கொள்வோம். 8 × 80 = 640, ஒரு வேளைக்கு 320 மில்லிகிராம். இப்போது பாட்டிலைப் பாருங்கள். 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் ஒரு வேளைக்கு 6.4 மில்லி. 5 மில்லியில் 125 என்று போட்டிருந்தால் 12.8 மில்லி. ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும் டிராப்ஸ் என்றால் 3.2 மில்லி. ஒரே குழந்தை, ஒரே மருந்து, மூன்று பாட்டிலுக்கு மூன்று அளவு.

இதனால் என்ன ஆகிறது என்று கேளுங்கள். காலையில் புதுச்சேரியில் காட்டுகிறார்கள், அந்த டாக்டர் 250 பாட்டிலை மனதில் வைத்து "6.5 மில்லி, இரண்டு வேளை" என்று எழுதுகிறார், ஊருக்குத் திரும்பும் வழியில் கிருமாம்பாக்கத்திலோ கடலூரிலோ ஒரு கடையில் அந்த கம்பெனி இல்லை என்று வேறு கம்பெனி தருகிறார்கள், அது 125 பாட்டில். பெயர் ஒன்றுதான், அம்மாவும் சீட்டில் உள்ளபடி 6.5 மில்லி கொடுக்கிறார். குழந்தைக்குப் போவது பாதி மருந்து. மூன்று நாள் கழித்து "மருந்து கேட்கவில்லை" என்று இன்னும் பெரிய மருந்துக்குப் போகிறார்கள்.

அதனால் டாக்டரிடம் ஒரே கேள்வி: "ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம்?" அதையும் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கடையில் ஒரே கேள்வி: "இந்த பாட்டில்ல அஞ்சு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம்?" இரண்டும் கையில் இருந்தால் கணக்கைக் கடைக்காரரிடமே போட்டுக் காட்டச் சொல்லலாம், ஒரு வேளைக்கு எத்தனை மில்லி என்று பாட்டில் மேல் பேனாவால் எழுதித் தரவும் சொல்லலாம். நல்ல கடையில் முகம் சுளிக்கமாட்டார்கள்.

அமாக்ஸிசிலினோடு கிளாவுலானிக் ஆசிட் என்ற துணை மருந்து சேர்ந்த சிரப் என்றால் கூடுதல் கவனம். பாட்டிலில் 457 என்று போட்டிருக்கும், 5 மில்லிக்கு அத்தனை மில்லிகிராம் என்று அர்த்தம், அதில் அமாக்ஸிசிலின் 400, மீதி 57 கிளாவுலானிக் ஆசிட். 228.5 என்றால் 200-ம் 28.5-ம். அமாக்ஸிசிலின் கணக்குக்கு அந்த 400-ஐயோ 200-ஐயோ மட்டும்தான் எடுக்க வேண்டும். கிளாவுலானிக் ஆசிட் கூடினால் வயிற்றுப்போக்கு வரும் என்பதால் இந்த சிரப்பை டாக்டர்கள் பொதுவாகக் குறைந்த அளவில்தான் எழுதுவார்கள், ஆகவே மேலே சொன்ன 80 கணக்கை இதில் வைத்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

உங்கள் கணக்கும் டாக்டர் எழுதியதும் கொஞ்சம் வித்தியாசப்பட்டால் பதற வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு ஆன்டிபயாடிக் கையேட்டிலேயே எடையைத் தோராயமான பிரிவுகளாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்: 3 கிலோ முதல் 6 கிலோவுக்குள் ஒரு வேளைக்கு 250 மில்லிகிராம், 6 முதல் 10-க்குள் 375, 10 முதல் 15-க்குள் 500, 15 முதல் 20-க்குள் 750, எல்லாம் இரண்டு வேளை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வில் இதில் ஏறக்குறைய பாதி அளவும் அந்தக் குழந்தைகளுக்குப் போதுமானதாகவே இருந்தது. ஆக, அளவில் டாக்டருக்கு டாக்டர் கொஞ்சம் மாறலாம். ஆனால் நீங்கள் போட்ட கணக்கில் பாதிக்கும் கீழே, அல்லது இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் வந்தால் முதல் வேளை கொடுப்பதற்கு முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

"பவர் மருந்து" கேட்காதீர்கள்

அமாக்ஸிசிலினைப் பார்த்ததும் சிலருக்கு ஏமாற்றம். இது பழைய மருந்தாச்சே, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வேற எழுதினாங்களே, அது நல்ல பவராம் என்பார்கள். சின்னக் குழந்தைகளுக்கு பாக்டீரியாவால் வரும் நிமோனியாவில் முக்கியமான கிருமி நிமோகாக்கஸ், அதை அமாக்ஸிசிலின் நன்றாகவே அடிக்கும். பவர் என்று பெயர் வாங்கிய செஃபிக்ஸிம் அந்தக் கிருமியிடம் அவ்வளவு எடுபடாது. அசித்ரோமைசின் வேறு வகைக் கிருமிகளுக்கு, பெரும்பாலும் ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு யோசிப்பது. அதேபோல டாக்டர் பார்த்துவிட்டு "இது வைரஸ், ஆன்டிபயாடிக் வேண்டாம்" என்று சொன்னால் அதை வரமாக எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளின் சளி, இருமல், இளைப்பு பெரும்பாலும் வைரஸால்தான் வருகிறது, வைரஸை எந்த ஆன்டிபயாடிக்கும் ஒன்றும் செய்யாது. ஊசி போட்டால்தான் திருப்தி என்று நிற்காதீர்கள், குழந்தை குடிக்கும், வாந்தி எடுக்காது என்றால் வாயில் கொடுக்கும் மருந்தே போதும்.

பவுடரில் தண்ணீர் ஊற்றுவது

டிரை சிரப் பாட்டிலுக்குள் பவுடர்தான் இருக்கும். சில பெட்டிகளில் கூடவே சுத்திகரித்த தண்ணீர் குப்பி வைத்திருப்பார்கள், இருந்தால் அதையே ஊற்றுங்கள். இல்லை என்றால் கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீர். கேன் தண்ணீராக இருந்தாலும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும், சூடு இருக்கும்போது ஊற்றினால் மருந்து கெடும்.

முதலில் பாட்டிலைத் தட்டி, அடியில் கட்டியாக ஒட்டியிருக்கும் பவுடரை உதிர்த்துவிடுங்கள். பாட்டிலிலோ லேபிளிலோ ஒரு கோடு இருக்கும், அம்புக்குறி போட்டிருக்கும். பாதித் தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். நுரை அடங்கட்டும், ஒரு நிமிடம் மேசையில் வைத்துவிடுங்கள். அப்புறம் கோடு வரை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். இப்போது பார்த்தால் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும், பவுடர் தண்ணீரைக் குடித்துவிட்டது, அதனால் இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நுரையையே மட்டமாக எடுத்துக்கொண்டு நிறுத்தினால் மருந்து கெட்டியாகி டோஸ் கூடும், கழுத்து வரை நிரப்பினால் நீர்த்துப்போய்க் குறையும். கண்ணுக்கு நேராக பாட்டிலைப் பிடித்துக் கோட்டைப் பாருங்கள். வீட்டில் கண் தெரியாத பாட்டி கலக்குவதாக இருந்தால் கடையிலேயே கலக்கித் தரச் சொல்லிவிடுங்கள்.

கலக்கிய தேதியை பாட்டிலில் எழுதுங்கள். எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று லேபிளில் இருக்கும், பெரும்பாலும் 7 நாள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் கூடாது. ஒவ்வொரு தடவையும் கொடுப்பதற்கு முன் குலுக்கித்தான் ஆக வேண்டும், மருந்து அடியில் தங்கிவிடும், குலுக்காமல் கொடுத்தால் முதல் இரண்டு நாள் வெறும் இனிப்புத் தண்ணீரும் கடைசி நாளில் மொத்த மருந்துமாகப் போகும். ஃபெஞ்சல் புயல் மாதிரி சமயத்தில் கரண்ட் இல்லாமல் நாள் கணக்கில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஃப்ரிட்ஜை நம்ப முடியாது. புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் மருந்து வாங்கினால் தண்ணீரில் கரையும் 250 மில்லிகிராம் அமாக்ஸிசிலின் மாத்திரையாகக் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம், அந்தந்த வேளைக்கு ஒரு ஸ்பூன் ஆறிய தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்து உடனே கொடுத்துவிடலாம், கோடு பார்க்கும் தொல்லையும் கிடையாது.

ஒரு பாட்டில் பத்தாது

பலர் வீட்டில் மருந்து பாதியில் நிற்பதற்குக் காரணம் அலட்சியம் இல்லை, பாட்டில் காலி. அதே எட்டு கிலோ குழந்தை, 6.4 மில்லி, இரண்டு வேளை, 5 நாள் என்றால் 64 மில்லி வேண்டும். ஆனால் இந்த சிரப் பெரும்பாலும் 30 மில்லி பாட்டிலில்தான் வருகிறது. ஒரு பாட்டில் மூன்றாம் நாள் காலையிலேயே தீர்ந்துவிடும், அதற்குள் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருக்கும், விளையாட ஆரம்பித்திருக்கும், சரி போதும் என்று விட்டுவிடுகிறார்கள். வாங்கும்போதே மொத்த மில்லியைக் கணக்குப் போட்டு மூன்று பாட்டிலாக வாங்கி, ஒவ்வொன்றாகக் கலக்குங்கள், மூன்றையும் ஒரே நாளில் கலக்கிவிடாதீர்கள்.

எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். வேகமான மூச்சு மட்டும் இருந்தால் 3 நாள், நெஞ்சு குழிந்திருந்தால் 5 நாள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் சீட்டில் 3 நாள் என்று இருந்தால் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம், 5 நாள் என்று இருந்தால் மூன்றில் நிறுத்தவும் வேண்டாம்.

வாயில் கொடுப்பது

வீட்டு ஸ்பூன் வேண்டாம், ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வோர் அளவு. மூடி அளவும் சின்ன டோஸுக்குத் துல்லியமாக வராது, அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில ரூபாய்தான். அதில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் எவ்வளவு என்று கடையிலேயே காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். 6.4 போன்ற அளவு வந்தால் 6.5 என்று வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்.

குழந்தையை மடியில் சாய்த்து உட்கார வைத்து, சிரிஞ்சைக் கன்னத்தின் உட்பக்கமாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள், விழுங்கினதும் அடுத்தது. மல்லாக்கப் படுக்க வைத்து மூக்கைப் பிடித்துச் சங்கிலோ பாலாடையிலோ ஊற்றுவது நம் பக்கம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள், ஏற்கெனவே நுரையீரலில் பிரச்சினை இருக்கும் குழந்தைக்கு மருந்தும் அங்கேயே போய்ச் சேரும். பால் பாட்டிலில் கலந்து கொடுத்தால் குழந்தை பாதியில் விட்டுவிடும், எவ்வளவு போனது என்று தெரியாது. ஒரு வயதுக்குள் தேனில் குழைத்துத் தரக் கூடாது.

கொடுத்து அரை மணி நேரத்துக்குள் மொத்தமாக வாந்தி எடுத்தால் அதே டோஸை மறுபடி கொடுக்கலாம். அதுவும் வாந்தியாகிவிட்டால் ஆஸ்பத்திரி. ஒரு வேளை மறந்துபோனால் ஞாபகம் வந்தவுடன் கொடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. அம்மா ஒரு தடவை, ஆயா ஒரு தடவை என்று இரட்டிப்பாகக் கொடுத்த வீடுகள் உண்டு, அதனால் காலண்டர் தாளில் கொடுத்தவுடன் ஒரு டிக் போட்டுவிடுங்கள்.

இந்த மருந்தில் வயிறு கொஞ்சம் இளகிப் போகலாம், அதற்காக நிறுத்த வேண்டாம், உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துப் பாருங்கள், போக்கு அதிகமானால் டாக்டரிடம் சொல்லுங்கள். உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக அரிப்பு எழும்பினாலோ, உதடு, முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ அது அலர்ஜி. உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கூடவே கொடுக்கும் மற்றவை

காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும் எடைக் கணக்குதான், கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இதிலும் டிராப்ஸ் வேறு, சிரப் வேறு: டிராப்ஸில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லிக்கு 120, 125 அல்லது 250. டிராப்ஸை சிரப் என்று நினைத்து மூடியில் ஊற்றினால் ஈரலுக்கு ஆபத்து.

இருமல் சிரப் வேண்டாம். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்தார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எழுதவே கூடாது, ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது மறுபடி சொன்னது. நச்சு இல்லாத நல்ல சிரப்பாகவே இருந்தாலும் நிமோனியாவை அது ஒன்றும் செய்யாது. தாய்ப்பாலைக் கூட்டுங்கள், கஞ்சித் தண்ணீர், ரசம் சாதம் எது இறங்குகிறதோ கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுவதையும், அறையில் கொசுவத்தி ஏற்றுவதையும், விறகடுப்புப் பக்கம் குழந்தையை வைத்திருப்பதையும் நிறுத்திவிடுங்கள், எந்தப் புகையும் அந்த நுரையீரலுக்கு ஆகாது. பாட்டி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் நாள்

மருந்து தொடங்கி இரண்டு நாள் முடிந்ததும் டாக்டரிடம் மறுபடி காட்ட வேண்டும், நன்றாக இருக்கிற மாதிரி தெரிந்தாலும். மூச்சு எண்ணிக்கை குறைந்திருக்கிறதா, காய்ச்சல் இறங்கியதா, பால் குடிப்பது கூடியதா என்பதைப் பாருங்கள். இருமல் இரண்டு வாரம்கூட நீடிக்கும், அதை வைத்து மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். மூச்சு குறையவே இல்லை அல்லது கூடுகிறது என்றால் மூன்றாம் நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

போகும்போது பாட்டிலையும், சிரிஞ்சையும், டிக் போட்ட தாளையும், எண்ணிய மூச்சுக் கணக்கையும் எடுத்துப் போங்கள். டாக்டர் மருந்தை மாற்றுவதற்கு முன், கொடுத்த அளவு சரிதானா என்று அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். மருந்து முடிந்த பிறகு பாட்டிலில் மீதி இருந்தால் அடுத்த சளிக்கோ தம்பி தங்கைக்கோ வைக்காமல் கொட்டிவிடுங்கள். தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் தேதி, எடை, மருந்தின் பெயர், ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம், அலர்ஜி வந்ததா என்பதை எழுதி வையுங்கள். அட்டையைக் கையில் எடுத்த கையோடு 6-ஆவது வாரம், 14-ஆவது வாரம், 9-ஆவது மாதம் என்று நிமோகாக்கஸ் தடுப்பூசி மூன்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், 2021 முதல் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே போடுகிறார்கள், விட்டுப்போயிருந்தால் குழந்தை தேறியதும் செவிலியரிடம் கேட்டுத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.